தடியும் சட்டமும்

சட்டத்தை மதிக்கவேண்டும் என்பதை மறுப்பவர் நம்முள் ஒருவரும் இல்லை. மேடையில் கேட்டாலும் அதையே சொல்வோம். தேர்வில் கேட்டாலும் அதையே எழுதுவோம். ஆனால் மாலை நேரத்தில் விடுதி முற்றத்தில் நாலு பேர் கூடியிருக்கும்போது எழும் பேச்சைக் கவனித்தால் வேறொரு கருத்து வெளிப்படுகிறது. செய்தித்தாளில் ஒரு கொடுங்குற்றத்தைப் படித்தவுடன், "இவனையெல்லாம் நீதிமன்றத்துக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? பிடித்த இடத்திலேயே சுட்டுத் தள்ளவேண்டும்" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். அதே நண்பரைத் தலைக்கவசம் இல்லாமல் வண்டியோட்டியதற்காகப் போலீஸ்காரர் நிறுத்திச் சற்று உரத்துப் பேசிவிட்டால் போதும், "இப்படிப் பேச இவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?" என்று கொதிக்கிறார்.

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்த்தால், நம் உள்ளத்தில் இரண்டு சட்டங்கள் குடியிருப்பது விளங்கும். நமக்கும் நம்மைச் சேர்ந்தவர்க்கும் ஒரு சட்டம். அதில் விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு. நாம் வெறுப்பவர்க்கும் அஞ்சுபவர்க்கும் மற்றொரு சட்டம். அதில் தடியும் துப்பாக்கியுமே உண்டு. முதற் சட்டத்தை விரும்புவதற்குப் பெரிய பண்பு ஒன்றும் வேண்டியதில்லை, தன்னலம் போதும். நாம் வெறுக்கும் ஒருவனுக்கும் முறையான விசாரணை வேண்டும் என்று கேட்கும் மனம் உண்டா என்பதில்தான் சட்டத்தை மதிப்பவர் யார் என்பது தெரியும். இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றே.

மைசூரில் பயிலும் தமிழ் மாணவர் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்நகரத்தின் சிறையிலும் நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எட்டாண்டுக் காலம் எழுந்து நின்றது. நம்மில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை. ஆதலால் நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன்.

மாதேசுவரன் மலையும் அதைச் சூழ்ந்த காடுகளும் அன்று கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனோடு சென்றது. அம்மலைச் சிற்றூர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. அவற்றுள் ஒன்றாகிய கோபிநத்தத்தைச் சேர்ந்தவன் வீரப்பன். யானைத் தந்தத்துக்கும் சந்தன மரத்துக்குமாகத் தொடங்கிய அவனுடைய திருட்டு, கொலைமேற் கொலையாக வளர்ந்தது.

வன அதிகாரி பி. சீனிவாஸ் என்பவர், மலைமக்களின் நம்பிக்கையைப் பெற்றால்தான் கொள்ளையை ஒழிக்க முடியும் என்று கருதினார். கோபிநத்தம் மக்களோடு பழகினார். மருத்துவ வசதி செய்து தந்தார். மாரியம்மன் கோயில் எழுப்பத் துணைநின்றார். சரணடைவதாகச் சொன்ன சொல்லை நம்பிக் கையில் ஆயுதமின்றிச் சென்ற அவரை, 1991 நவம்பரில் வீரப்பன் கொன்று தலையைக் கொய்தான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கர விருதை அளித்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. 1992 ஆகஸ்ட் 14 அன்று மைசூர் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு ஹரிகிருஷ்ணாவும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் வேறு சில காவலரும் மீண்யம் அருகே பதுங்கியிருந்தவர்களின் குண்டுகளுக்கு இரையாயினர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடி வெடித்து 22 பேர் மாண்டனர்.

நம்மவர் கூடி இந்த வரலாற்றைப் பேசும்போது இப்பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. வீரப்பன் தமிழன் என்பதால் அவன் கொடுமைகளைச் சிரித்துக்கொண்டே சொல்பவரும் உண்டு. அவனுடைய மீசையைப் புகழ்பவரும் உண்டு. சீனிவாசுக்கும் தாய் இருந்தாள். ஷகீல் அகமதுவுக்கும் தந்தை இருந்தார். அவர்களை நம் கணக்கில் சேர்க்காமல் நீதியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இல்லை.

இனி மறுபாதியைச் சொல்லவேண்டும். பாலாற்று வெடிக்குப் பின் கர்நாடக, தமிழக அதிரடிப்படைகள் இருபுறமிருந்தும் காட்டை வளைத்தன. காட்டுக்குள் இருப்பவனைப் பிடிக்க முடியவில்லை. காட்டோரத்தில் இருப்பவர்களைப் பிடிப்பது எளிதாக இருந்தது. அவனுக்கு அரிசி கொடுத்தவர், வழி காட்டியவர், கொடுத்திருக்கலாம் என்று ஐயுறப்பட்டவர், ஐயுறப்பட்டவரின் உறவினர் என்று பலரைப் பிடித்துச் சென்றனர். மாதேசுவரன் மலையில் இருந்த அதிரடிப்படை முகாமில் விசாரணைக்கென ஓரிடம் இருந்தது. அதற்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். பொருள்களைப் பழுதுபார்க்கும் இடத்தின் பெயரை மனிதரை வதைக்கும் இடத்துக்கு இட்டிருந்தனர்.

பிடிபட்டோருள் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் 'தடா' சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டனர். அச்சட்டத்தின் தன்மையை அறிந்தால்தான் அவர்கள் நிலை விளங்கும். போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் முதல் நம் நாட்டில் நிலவும் விதி. நம்மை அடக்கி ஆண்ட வெள்ளையர்கூட, அடித்து வாங்கும் வாக்குமூலத்தை நம்பலாகாது என்று உணர்ந்து அதை எழுதிவைத்தனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. ஆனால் 1987-ஆம் ஆண்டுத் தடா சட்டம் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. சூப்பிரண்டு நிலையிலுள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலமே சாட்சியமாயிற்று. ஜாமீனில் வெளிவருவதும் அரிதாயிற்று. 1995-இல் அச்சட்டம் காலாவதியானது. ஆயினும் அதன்கீழ்த் தொடுத்த வழக்குகள் நீடித்தன. சிறையில் இருந்தவர்கள் சிறையிலேயே இருந்தார்கள்.

2001 செப்டம்பரில் மைசூர்த் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவாளிகள் என்று கண்டவர்கள் மிகச் சிலரே, பெரும்பாலோர் விடுதலையாயினர். குற்றம் மெய்ப்பிக்கப்படாத மக்கள், ஆயுள் தண்டனைக் கைதிகளைப்போல எட்டாண்டுக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தனர். அந்த ஆண்டுகளில் அவர்களுடைய நிலம் தரிசாயிற்று. பிள்ளைகள் பெற்றோரின்றி வளர்ந்தனர்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மலைமக்கள் அக்குழுவின்முன் வந்து தாம் பட்டதைச் சொன்னார்கள். மின்னதிர்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். தொங்கவிட்டு அடித்ததைச் சொன்னார்கள். பெண்கள், சொல்லவும் நாக்கூசும் கொடுமைகளைச் சொன்னார்கள். 2007-இல் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. பொய்யான குற்றச்சாட்டு என்றால் இழப்பீடு எதற்கு?

மைசூரில் உள்ள கன்னட நண்பர்கள் பலர் இந்த மறுபாதியை அறியார். அறிந்தவர்களும் பேச விரும்புவதில்லை. அவர்கள் மாண்ட போலீசாரை மட்டும் நினைக்கிறார்கள்; நம்மவர் வதைபட்ட மக்களை மட்டும் நினைக்கிறார்கள். ஆளுக்குப் பாதி வரலாற்றை வைத்துக்கொண்டு, அவரவர் பாதியைக் காட்டிச் சினம் கொள்கிறோம். இரண்டும் ஒரே காட்டில் நடந்தவை. இரண்டிலும் அறம் தோற்றது.

"அத்தனை கொடியவனைப் பிடிக்கவேண்டுமானால் சிலர் அடிபடத்தான் வேண்டும், வேறு வழி என்ன?" என்று கேட்பர் சிலர். அறத்தைச் சற்று ஒதுக்கிவைத்துப் பயனை மட்டும் பார்ப்போம். 1993-இல் மலைமக்களை அடிக்கத் தொடங்கினார்கள். வீரப்பன் பிடிபட்டானா? 2000 ஜூலை 30 அன்று கஜனூரில் நடிகர் ராஜ்குமாரைத் தூக்கிச்செல்லும் அளவுக்கு அவன் வலிமையோடு இருந்தான். 108 நாள் இரு மாநில அரசுகளும் அவன் சொல்லுக்குக் காத்துக்கிடந்தன. கடைசியில் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவன் சுடப்பட்டு இறந்தான். அவனைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது பொறுமையான உளவு வேலை. அவனிடமே ஆளனுப்பிச் செய்த சூழ்ச்சி. ஏழை மக்களின் எலும்பை முறித்தது அதற்கு எவ்வகையிலும் உதவவில்லை. அடிபட்டவன் வாயிலிருந்து வலி நிற்பதற்கு வேண்டிய சொல்தான் வரும். அது உண்மையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த 108 நாளில் நடந்த ஒரு செயலை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். ராஜ்குமாரை விடுவிக்க வீரப்பன் கேட்டவற்றுள் மைசூர்ச் சிறையில் இருந்த தடாக் கைதிகளின் விடுதலையும் ஒன்று. கர்நாடக அரசு அவ்வழக்குகளைக் கைவிட முன்வந்தது. அப்போது உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் அப்துல் கரீம். மீண்யத்தில் மாண்ட ஷகீல் அகமதுவின் தந்தை. தாமும் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கொள்ளையன் மிரட்டினான் என்பதற்காக வழக்குகளைத் திரும்பப் பெறுவது செல்லாது என்றது.

மகனைப் பறிகொடுத்த தந்தை அவர். பழிக்குப் பழி கேட்க அவரைவிட உரிமை உடையவர் யார்? ஆனால் அவர் துப்பாக்கியைக் கேட்கவில்லை. வழக்கு நடக்கவேண்டும் என்று கேட்டார். விடுதி முற்றத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "சுட்டுத் தள்ளு" என்கிற நாம், அந்த முதியவரின்முன் வெட்கப்படவேண்டும்.

ஆயினும் இதில் உள்ள துயரத்தையும் மறைக்கலாகாது. அத்தீர்ப்பால் வழக்குகள் நின்றன. அவற்றோடு குற்றமற்றவர்களும் மேலும் பல மாதம் சிறையில் நின்றனர். மிரட்டலுக்குப் பணிந்து சட்டம் கதவைத் திறக்கக்கூடாது என்பது சரி. மிரட்டல் வருவதற்கு முன்பே, ஏழாண்டுகளுக்குள், தானாக அக்கதவைத் திறந்து உள்ளே இருப்பவர் யார் என்று பார்த்திருக்கவேண்டாமா? சட்டத்தின் தாமதமும் ஒருவகை வன்முறையே. பாலாற்று வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுடைய கருணை மனுவை முடிவுசெய்ய ஒன்பதாண்டு ஆயிற்று. அந்தத் தாமதத்தைக் காட்டியே 2014 ஜனவரி 21 அன்று அதே நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இத்தகைய தாமதமே மக்களைத் துப்பாக்கித் தீர்ப்பின் பக்கம் தள்ளுகிறது. அதற்கு மருந்து வழக்கை விரைந்து நடத்துவது. வழக்கே வேண்டாம் என்பது, நோய் நாட்பட்டது என்று நோயாளியைக் கொல்வதை ஒக்கும்.

தாமதித்தாலும் சட்டம் சில இடங்களில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்தனமரத் தேடுதல் என்ற பெயரால் 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் ஊரில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைக் கெடுத்தனர். குற்றம் சாட்டப்பட்டவர் 269 அரசு ஊழியர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் கூறியது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எழுத்தறியாத மலைப்பெண்கள் பத்தொன்பது ஆண்டு நீதிமன்றப் படியேறி, அரசாங்கத்தையே கூண்டில் ஏற்றினார்கள். சட்டத்தின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை, படித்த நமக்கு ஏன் இல்லை?

போலீசார் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அன்று அவர்கள் வேண்டியதெல்லாம் தடியோடு வரும் போலீசாரைத்தான். வலியவனுக்குத் தன் தோள் உண்டு. எளியவனுக்குச் சட்டத்தின் தோள்தான் உண்டு. எதிரி சுடும்போது காவலர் திருப்பிச் சுடுவதை எந்த நீதிநூலும் பழிக்காது. ஓடுபவனை மடக்கவும், கலவரத்தை அடக்கவும் வலிமை வேண்டும். என் கேள்வி அதற்கு அப்பாற்பட்டது. பிடிபட்டவன், ஆயுதம் இழந்தவன், கை கட்டப்பட்டவன் மேல் விழும் அடி எதற்காக விழுகிறது? அவனால் இனி ஆபத்து இல்லை. ஆகவே அது காவல் ஆகாது. நீதிபதி இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே அது தண்டனையும் ஆகாது. அதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் குற்றம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. தப்பாமல் தடுக்க வேண்டிய அளவுக்கு மேல் கைதியைக் கட்டுப்படுத்தலாகாது என்பது குற்ற நடைமுறைச் சட்டம். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கென விதிகள் வகுத்தது. கைது செய்பவர் தம் பெயர் தெரியும்படி அணியவேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்லவேண்டும். காவலில் உள்ளவரை 48 மணிக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். விதிகளுக்குக் குறைவில்லை. அவற்றை மீறும்போது நாம் கைதட்டுவதுதான் குறை.

ஆம், கைதட்டுகிறோம். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் பிடிபட்டிருந்த நால்வரைப் போலீசார் விடியற்காலையில் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீசார்மேல் பூத்தூவினர். கல்லூரி மாணவியர் ஆரவாரித்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022-இல் வெளியான தன் அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர் என்றும், தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்ன கதை நம்பத்தக்கதன்று என்றும் கூறியது. அந்நால்வர்தாம் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் இனிச் சொல்ல முடியாது.

அன்று பூத்தூவியவர்கள், ஆறு மாதம் கழித்து 2020 ஜூனில் சாத்தான்குளத்துச் செய்தியைக் கேட்டுப் பதறினார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடிபட்டு இறந்தனர். ஐதராபாத்தில் இனித்த தடி சாத்தான்குளத்தில் கசந்தது. இரண்டும் ஒரே தடி. கெட்டவன்மேல் மட்டும் விழத் தெரிந்த தடி இதுவரை உலகில் செய்யப்படவில்லை. கெட்டவன் யார் என்று அறிவதற்குத்தான் நீதிமன்றத்தைப் படைத்தோம்.

அந்தச் சாத்தான்குளத்திலேயே நம்பிக்கை தரும் செயல் ஒன்றும் நிகழ்ந்தது. அந்நிலையத்தில் பணியாற்றிய பெண் காவலர் ஒருவர், உடன் வேலை செய்பவர்களின் பகையை அஞ்சாமல், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் கூறினார். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை போலீசார் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. காக்கியைப் பொதுவாகப் பழிப்பவர்கள் அந்தப் பெண்மணியை நினைக்கவேண்டும். அவர் அணிந்திருந்ததும் காக்கியே.

தமிழருக்கு இப்பாடம் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கொடியவன் அல்லன். அரண்மனைச் சிலம்பு களவு போயிற்று. கள்வன் கிடைத்தான் என்றான் பொற்கொல்லன். அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். அனுப்பப்பட்டவர்களுக்குக் கோவலனைப் பார்த்ததும் ஐயம் பிறந்தது. இவன் கள்வன் அல்லன் போலும் என்றனர். அங்கே ஒரு நாழிகை விசாரணை நடந்திருந்தால் கோவலனும் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும். ஆனால் கூட்டத்தில் குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். ஐயம் எழும்போது நிற்பதற்கு ஓரிடம் வேண்டும். அந்த இடத்தின் பெயர்தான் சட்டம். வள்ளுவரும் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களோடு நில்லாமல், 'வெருவந்த செய்யாமை' என்று 57-ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். குடிகள் அஞ்சி நடுங்கும்படி ஆள்வது ஆட்சிக்கே கேடு என்பது அவர் கண்ட உண்மை.

நண்பர்களே, நாளை நம்முள் சிலர் வழக்கறிஞர் ஆவர். சிலர் போலீஸ் அதிகாரி ஆவர். சிலர் செய்தியாளர் ஆவர். எஞ்சியோர் அனைவரும் வாக்காளர் ஆவோம். அப்போது வரப்போகும் சோதனை பெரிய மேடையில் வராது. நமக்குப் பிடிக்காத மொழிக்காரன், பிடிக்காத சாதிக்காரன், பிடிக்காத கட்சிக்காரன் ஒருவன் கைதாகி நிற்கும்போது வரும். அவனை எப்போது நடுவர்முன் நிறுத்தினார்கள், அவன் வீட்டுக்குச் செய்தி போயிற்றா, மருத்துவர் பார்த்தாரா என்று கேட்க நமக்கு வாய் எழவேண்டும். அன்று கேளாதவர்கள், தம் தம்பி நிலையத்தில் இருக்கும்போது கேட்டால் யார் மதிப்பார்?

இந்தக் கேள்விகளை இங்கே, இந்த ஊரிலேயே கேட்கப் பழகுவோம். சீனிவாசையும் ஷகீல் அகமதுவையும் கன்னடர் கணக்கில் எழுதாமல் நம் கணக்கிலும் எழுதுவோம். மைசூர்ச் சிறையில் எட்டாண்டு கிடந்த மலைமக்களைத் தமிழர் கணக்கில் மட்டும் எழுதாமல் தங்கள் கணக்கிலும் எழுதும்படி கன்னட நண்பர்களை வேண்டுவோம். கணக்கு ஒன்றானால் சட்டமும் ஒன்றாகும்.